சொல்லுங்கள், என்ன செய்கிறீர்கள்?

டீ வரட்டும். அதற்குள் ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த ஆட்டத்தில் சேர நீங்கள் புத்தகம் எதுவும் வாங்கவேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பெங்களூரில் கோரமங்கலா, இந்திராநகர் பக்கம் ஏதாவது போர்டு கேம் கஃபேக்குள் நுழைந்திருந்தால் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர். நடுவில் பலகை இல்லை, காய் இல்லை, சீட்டு இல்லை. ஆளுக்கொரு தாள், பென்சில், விதவிதமான முகங்களோடு பளபளக்கும் டைஸ். ஒருவர் மட்டும் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து எதையோ விவரிக்கிறார். மற்றவர்கள் குறுக்கே பேசுகிறார்கள், வாதாடுகிறார்கள். திடீரென்று எல்லாரும் எழுந்து நின்று, உருண்டு ஓடும் ஒரே ஒரு டைஸைப் பார்க்கிறார்கள். என்ன ஆட்டம் என்று கேட்டால் ‘டி அண்ட் டி’ என்பார்கள். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். ஆசையோடு அதன் விதிப்புத்தகத்தைப் புரட்டினால், 2024இல் வந்த பதிப்பு 384 பக்கம். ஆடுபவருக்கான புத்தகம் மட்டுமே அவ்வளவு. நடத்துபவருக்குத் தனி, அரக்கர்களுக்குத் தனி. பலர் அந்த இடத்திலேயே ‘இது நமக்கு ஆகாது’ என்று எழுந்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் வருத்தம். ஆட்டத்தின் உயிர் அந்தப் பக்கங்களில் இல்லை.

நடப்பது இவ்வளவுதான். ஒருவர் ஓர் இடத்தையும் அங்கே இருப்பவர்களையும் வாயால் விவரிப்பார். பிறகு உங்களைப் பார்த்து, “என்ன செய்கிறீர்கள்?” என்பார். உங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று நீங்கள் சொல்வீர்கள். சாதாரணமாக நடக்கக்கூடிய காரியம் என்றால் நடந்துவிட்டது. பூட்டாத கதவைத் திறக்க டைஸ் வேண்டாம். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் இருந்து, எந்தப் பக்கம் போனாலும் கதை சூடுபிடிக்கும் என்றால் மட்டும் டைஸை உருட்டவேண்டும். விழுந்ததை வைத்து அவர் அடுத்த நிலைமையைச் சொல்வார். மறுபடியும், “என்ன செய்கிறீர்கள்?” மூன்று மணி நேரமோ நான்கு மணி நேரமோ இதுவேதான் சுற்றிச்சுற்றி வரும். பேச்சால் ஆடும் ஆட்டம்.

நடத்துபவரை டி அண்ட் டியில் டி.எம். (டஞ்சன் மாஸ்டர்) என்பார்கள், மற்ற ஆட்டங்களில் பொதுவாக ஜி.எம். (கேம் மாஸ்டர்). தெருக்கூத்துப் பார்த்தவர்களுக்கு அவர் யார் என்று விளக்கவே வேண்டாம். கட்டியங்காரன்தான். வந்து நிற்கும் ராஜாவை நீ யார், எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று கேட்டுப் பேசவைப்பதும் அவனே. தேவைப்பட்டால் வாயிற்காவலனாக, தூதனாக, வழிப்போக்கனாக மாறுவதும் அவனே. வித்தியாசம் ஒன்றுதான்: கூத்தில் கதை முன்பே தெரியும், இங்கே கட்டியங்காரனுக்கே தெரியாது.

இப்படி ஓர் ஆட்டம் எங்கிருந்து வந்தது? 1969இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் – செயின்ட் பால் இரட்டை நகரத்தில், பொம்மைப் படைகளை வைத்துப் போர் ஆட்டம் ஆடும் குழு ஒன்று இருந்தது. அதில் டேவ் வெஸ்லி என்பவர் வழக்கத்தை மாற்றினார். பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊரை வைத்து, ஆடவந்தவர்களில் சிலருக்குப் படைகளைக் கொடுக்காமல் ஆளுக்கொரு வேடத்தைக் கொடுத்தார்: நகரத் தலைவர், வங்கிக்காரர், பல்கலைக்கழக வேந்தர். ஆளுக்கொரு நோக்கத்தையும் ரகசியமாகக் கொடுத்தார். அவர்கள் தங்கள் முறைக்குக் காத்திருக்கவே இல்லை. மூலைக்கு மூலை கூடிப் பேசினார்கள், சதி செய்தார்கள், இருவர் ஒருவரையொருவர் சண்டைக்குக்கூட அழைத்துவிட்டார்கள். ஆட்டம் கையை மீறிக் கெட்டுவிட்டது என்று வெஸ்லி நினைத்தார். ஆடியவர்களோ, அடுத்தது எப்போது என்று கேட்டார்கள். அவர்களில் ஒருவரான டேவ் ஆர்னசன் அதையே மந்திரமும் அரக்கரும் நிறைந்த கோட்டைச் சுரங்கங்களுக்குக் கொண்டுபோனார். விஸ்கான்சினில் இருந்த கேரி கைகாக்ஸுடன் சேர்ந்து அதை விதிகளாக எழுதினார். 1974 ஜனவரியில் ஒரு பெட்டிக்குள் மூன்று சின்னப் புத்தகங்களாக டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தது. முதல் பதிப்பு 1,000 பெட்டி.

அன்று பிரவுன்ஸ்டைன் ஆடியவர்களிடம் 384 பக்கம் கிடையாது. வேடமும் நோக்கமும் பேச ஆளும் இருந்தன. ஆரம்பிப்பவர் அங்கிருந்துதான் ஆரம்பிக்கவேண்டும் என்பது என் கட்சி.

டி அண்ட் டியின் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடலாம்; பயம் போய்விடும். 20 முகம் கொண்ட டைஸ் ஒன்று. உங்கள் பாத்திரத்துக்குப் பலம், லாவகம், உடல் உறுதி, அறிவு, விவேகம், ஆளுமை என ஆறு குணங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டல் எண். மதிலேற வேண்டும் என்கிறீர்கள். நடுத்தரக் கஷ்டம், 15 வேண்டும் என்கிறார் டி.எம். பலத்துக்கு உங்களிடம் 3 இருக்கிறது. டைஸில் 12 அல்லது அதற்கு மேல் விழுந்தால் ஏறிவிட்டீர்கள். 20இல் 9 வாய்ப்பு, அதாவது 45 சதவீதம். கூட்டாளி மேலிருந்து கயிறு விட்டால் இரண்டு முறை உருட்டி, நல்லதை எடுத்துக்கொள்ளலாம். வாய்ப்பு கிட்டத்தட்ட 70க்கு ஏறிவிடும். சண்டைக்கும் மந்திரத்துக்கும் இன்னும் சில விதிகள் உண்டு, ஆனால் முதுகெலும்பு இதுதான். முதல் நாள் பக்கத்தில் இருப்பவர் எந்த டைஸை எடுக்கவேண்டும் என்று காட்டினால் போதும்.

ஆனாலும் உங்கள் முதல் ஆட்டமாக நான் டி அண்ட் டியைச் சொல்லமாட்டேன். ஜான் ஹார்ப்பர் என்பவர் 2013இல் வெளியிட்ட ‘லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்’ என்ற ஆட்டம் இருக்கிறது. மொத்த விதியும் ஒரே பக்கம். இலவசம். லூடோ பெட்டியில் கிடக்கும் சாதாரண டைஸ் போதும். அது விண்வெளிக் கப்பலில் நடக்கும் கதை. ஆனால் அதன் எலும்புக்கூட்டை எடுத்து நமக்குத் தெரிந்த இடத்தில் நிறுத்தலாம். உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள்.

நமக்குத் தெரிந்த இடம் எது? ‘டஞ்சன்’ என்றால் பாதாள அறை, சுரங்கம். பெங்களூரில் இருக்கும் தமிழருக்கு அதற்காக ஐரோப்பியக் கோட்டைக்குப் போகவேண்டுமா? மாரிகுப்பம் ரயிலில் தினமும் இந்த நகரத்துக்கு வேலைக்கு வந்துபோகிறவர்களின் ஊரிலேயே மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்துக்குச் சுரங்கம் இருக்கிறது. கோலார் தங்கவயல். 1880இல் தங்கம் தோண்ட ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் வந்தன. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். அந்த வயலின் கதையை ‘தங்கலான்’ படமாக 2024இல் திரையில் பார்த்தோம். அந்த மண்ணின் சாயலில் பெயரில்லாத ஒரு பொன் சுரங்கத்தை வைத்துக்கொள்வோம்.

ஆளுக்கொரு பாத்திரம். பெயர், வேலை, கையில் ஒரு பொருள், மனசில் ஒரு ஆசை. பிறகு 2 முதல் 5க்குள் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். உங்களுக்கு உள்ளது அந்த ஒரு எண்தான். ஏறுவது, உடைப்பது, இயந்திரத்தை ஓட்டுவது எல்லாம் ‘கை’. அதற்கு உங்கள் எண்ணுக்குக் கீழே விழவேண்டும். கெஞ்சுவது, மிரட்டுவது, சமாதானம் செய்வது, ஆளின் முகத்தைப் படிப்பது எல்லாம் ‘வாய்’. அதற்கு எண்ணுக்கு மேலே விழவேண்டும். எண் 5 என்றால் கை வலுத்தது, வாய் சுருங்கியது. 2 என்றால் தலைகீழ். எப்போதும் ஒரு டைஸ் உண்டு. முன்னேற்பாடு செய்திருந்தால் இன்னொன்று. அந்த வேலையில் நீங்கள் தேர்ந்தவர் என்றால் இன்னுமொன்று. எதுவும் சரியாக விழாவிட்டால் நிலைமை மோசமாகும். ஒன்று சரியாக விழுந்தால் காரியம் நடக்கும், கூடவே ஒரு சிக்கல் வரும். இரண்டு என்றால் சுத்தமாக முடிந்தது. மூன்றும் விழுந்தால் நினைத்ததற்கும் மேல். சரியாக உங்கள் எண்ணே விழுந்தால் அதுவும் வெற்றிதான். அத்தோடு நடத்துபவரிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், அவர் உண்மையைச் சொல்லியாகவேண்டும். விதி முடிந்தது.

இனி மேசையைப் பாருங்கள். ஒருவர் ரோசி, நர்ஸ், எண் 2. இன்னொருவர் செல்வம், ஏ.சி. மெக்கானிக், எண் 4. ரோசியின் தாத்தா கடைசி ஷிஃப்ட் அன்று உள்ளே விட்டுவந்த தகரப் பெட்டியை எடுக்கவேண்டும்.

“சாயங்காலம் ஏழு மணி. கம்பி வேலி, அதுக்கு அந்தப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. ட்யூப்லைட் விட்டு விட்டு எரியுது. வாட்ச்மேன் நாற்காலிய சாய்ச்சுப் போட்டு ரேடியோ கேட்டுட்டு இருக்கார். காலடியில நாய். என்ன பண்றீங்க?”

“வேலியைச் சுத்திப் பின்பக்கமா போலாம்டா” என்கிறார் செல்வமாக ஆடுபவர்.

“வேணாம். நான் நேரா அவர்கிட்ட போறேன். எங்க தாத்தா இங்கதான் வேலை பார்த்தாருன்னு சொல்றேன்.”

“சரி, வாய். ஒரு டைஸ். கையில என்ன பொருள்னு எழுதினீங்க?”

“தாத்தாவோட பித்தளை டோக்கன்.”

“அதைக் காட்டறீங்களா? அப்போ ரெண்டு டைஸ்.”

5, 1. ரோசியின் எண் 2. 5 மேலே இருக்கிறது, 1 கீழே போய்விட்டது. ஒன்றுதான் சரி.

“டோக்கனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். ரேடியோவ அணைக்கிறார். ‘இந்த நம்பர் எனக்குத் தெரியும்மா, உள்ள போங்க. ஆனா நானும் வர்றேன்’ங்கிறார். சாவிக்கொத்த எடுத்துட்டு எழுந்துட்டார். என்ன பண்றீங்க?”

கவனியுங்கள். வாட்ச்மேன் கூட வருவார் என்று நடத்துபவர் முன்பே எழுதிவைக்கவில்லை. டைஸ் ‘நடக்கும், ஆனால்’ என்றது. அந்த ‘ஆனால்’ என்ன என்று அவர் அந்த நிமிஷத்தில் யோசித்தார். இப்போது அந்த ஆளுக்கு இந்த டோக்கன் எண் ஏன் தெரியும் என்பது மேசையில் எல்லாருக்கும் கேள்வி. நடத்துபவருக்கும்தான்.

உள்ளே போகிறார்கள். இரும்பு ஏணி. செல்வம் முதலில் இறங்குகிறார். ‘கை’, முன்னேற்பாடு இல்லை, ஒரே டைஸ். 4க்குக் கீழே வேண்டும். விழுந்தது 6.

புதிதாக நடத்துபவர் பொதுவாக இங்கேதான் தடுமாறுவார். “விழுந்துட்டீங்க” என்றோ, “இறங்க முடியல” என்றோ சொல்லிவிடுவார். ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “மூணாவது படி கையோட வந்துடுச்சு. நீங்க தொங்கறீங்க. டார்ச் நழுவிப் போயிடுச்சு. கீழ மோதற சத்தத்துக்காகக் காத்திருக்கீங்க. சத்தமே வரல.” தோல்வி என்பது கதவை அடைப்பதல்ல, கதையை வேறு பக்கம் திருப்புவது. நடத்துபவர் பழகவேண்டிய வித்தைகளில் நான் முதலிடம் தருவது இதற்கு.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். நடித்துக் காட்டவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. குரல் மாற்றிப் பேசுவது சிலருக்குப் பிடிக்கும்; “ரோசி அவர்கிட்ட தாத்தா கதையைச் சொல்றா” என்று படர்க்கையில் சொல்வதும் அதே மதிப்புள்ள ஆட்டம்தான். கூச்சப்படுபவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும்.

ஆனால் எந்த மொழியில் ஆடுவது என்பதில் நான் பிடிவாதக்காரன். பெங்களூர் மேசைகளில் பெரும்பாலும் ஆங்கிலம் ஓடுகிறது. பல ஊர்க்காரர்கள் கூடும் இடத்தில் அது இயல்பு. உங்கள் பி.ஜி.யிலோ ஃப்ளாட்டிலோ நாலு தமிழர் சேர்ந்தால் தமிழில் ஆடுங்கள். வாட்ச்மேன் கன்னடம் பேசட்டும், சேட்டு இந்தியில் அதட்டட்டும், ரோசி தங்கவயல் தமிழில் பதில் சொல்லட்டும். இந்த நகரத்தில் நாம் பேசுவதே அப்படித்தானே. யோசிக்கும் மொழியில் ஆடும்போது கேள்வி விழுந்த வேகத்தில் பதில் வந்துவிழும். அந்த வேகத்தில்தான் இந்த ஆட்டம் உயிரோடு இருக்கும்.

நம்மூர்க் கதை இதற்குப் பொருந்துமா என்று தயங்குபவர்களுக்கு ஒரு செய்தி. பெங்களூரிலிருந்து ஓசூர் பக்கம் போனால் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சாந்தி பவன் என்ற உண்டுறைப் பள்ளி இருக்கிறது. மிக ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக ஆபிரகாம் ஜார்ஜ் 1997இல் தொடங்கியது. 2017இல் நெட்ஃபிளிக்ஸில் ‘டாட்டர்ஸ் ஆஃப் டெஸ்டினி’ என்ற ஆவணத் தொடர் அதைப் பற்றி வந்தது. ஆபிரகாம் ஜார்ஜின் மகன் அஜித் ஜார்ஜ் அந்தப் பள்ளியின் பணிகளை நடத்தியவர். இந்த வகை ஆட்டங்களுக்கு எழுதுபவரும்கூட. 2021இல் டி அண்ட் டியின் ரேவன்லாஃப்ட் புத்தகத்துக்காக, உடன்பிறந்தவர்கள் சிம்மாசனத்துக்கு மோதிக்கொள்ளும் கலக்கேரி என்ற இந்தியச் சாயல் நாட்டை எழுதினார். 2022இல் ‘ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டாடல்’ என்ற தொகுப்பை வெஸ் ஷ்னைடருடன் சேர்ந்து தலைமையேற்று உருவாக்கினார். 13 சாகசக் கதைகள். எழுதியவர்கள் எல்லாரும் வெள்ளையரல்லாதவர்கள். அதில் ஒன்று கொல்கத்தாவில் பிறந்த மிமி மண்டல் எழுதியது. ஆறுகள் ஓடும் வங்காளச் சாயல் நிலத்தில் நடக்கிறது. தமிழ் நிலத்துக்கான கதையை எழுதும் வேலை இன்னும் நமக்கு நிறைய மிச்சம் இருக்கிறது.

அதற்கு உரிமைச் சிக்கலும் பெரிதாக இல்லை. 2023 ஜனவரியில் டி அண்ட் டியை வெளியிடும் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் அதன் அடிப்படை விதித் தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், விற்கக்கூடச் செய்யலாம். அந்த விதிகள் நல்ல தமிழில் ஒரு சின்னப் புத்தகமாக வரவேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

மேசையில் உட்காரும் முன் கால்மணி நேரம் பேசிக்கொள்வது அவசியம். விளையாட்டுத்தானே என்று இதைத் தாண்டிப் போகாதீர்கள். சுரங்கக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள்: பாறை வெடித்து மண்ணுக்குள் போனவர்களின் பேரப்பிள்ளை உங்கள் மேசையில் இருக்கலாம். அவருக்கு அது கற்பனை அல்ல. எது வேண்டாம் என்று எல்லாரும் முன்பே சொல்லிவிடட்டும். ஜான் ஸ்டாவ்ரோபூலஸ் என்பவர் எளிய வழி ஒன்றைக் கொடுத்தார்: பெருக்கல் குறி போட்ட அட்டை ஒன்று மேசை நடுவில் கிடக்கும், யாராவது அதைத் தொட்டால் அந்தக் காட்சி அப்படியே விலகும், ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. நம் மேசைக்கென்று இன்னொன்றையும் நான் சேர்ப்பேன். சாதியையோ, நிறத்தையோ, பேச்சுவழக்கையோ வைத்துச் சிரிக்கவைக்கும் பாத்திரம் வேண்டாம். சினிமா நமக்கு அந்தப் பழக்கத்தை ஏற்றிவிட்டிருக்கிறது. தாளில் பாத்திரத்தை எழுதும்போதே அதைத் தடுத்துவிடலாம்.

கூட்டாளிகள் கிடைக்கவில்லை என்றால் கஃபேக்களையும் வார இறுதிக் குழுக்களையும் தேடுங்கள். அறிவிப்புகள் பெரும்பாலும் இன்ஸ்டாகிராமிலும் டிஸ்கார்டிலும் வரும். ‘ஒன்ஷாட்’ என்று போட்டிருப்பதை எடுங்கள். ஒரே அமர்வில் முடியும் கதை அது. ‘கேம்பெயின்’ என்றால் மாதக்கணக்கில் போகும். முதல் நாளே அதில் கையெழுத்துப் போடவேண்டாம். போகுமுன் கேளுங்கள்: புதியவர் வரலாமா, தயார் பாத்திரம் தருவீர்களா, எத்தனை மணிக்கு முடியும்? ஒயிட்ஃபீல்டில் இருந்துகொண்டு வார நாளில் ஜெயநகர் மேசைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். போக்குவரத்திலேயே பாதி ஆட்டம் போய்விடும். அதற்கு ரோல்20 போன்ற இணைய மேசை மேல். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் சிநேகிதர்களும் சேர்ந்துகொள்வார்கள். யாருமே இல்லை என்றால் ஷான் டாம்கின் எழுதிய ‘அயர்ன்ஸ்வார்ன்’ இலவசமாகவே கிடைக்கிறது. அதைத் தனியாகவே ஆடலாம். 10 முகம் கொண்ட இரண்டு டைஸும் ஒரு சாதாரண டைஸும் வேண்டும். கைபேசியில் உருட்டினாலும் போதும்.

மூன்று பேரை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், நடத்துபவரோடு நான்கு. ஆறு பேர் என்றால் முதல் முறை நடத்துபவருக்குப் பாரம். நடத்துபவர் கதை முழுவதையும் எழுதக்கூடாது. ஓர் இடம், அங்கே ஏதோ வேண்டும் என்று காத்திருக்கும் இருவர், நடக்கவிருக்கும் ஒரு கெட்டது, இவ்வளவு எழுதினால் மூன்று மணி நேரம் ஓடும். நொறுக்குத் தீனி எண்ணெய் படாததாக இருக்கட்டும், தாள் கெட்டுவிடும். கைபேசிகள் ஓரமாக இருக்கட்டும்.

அந்த மூன்று பேரில் ஒருவர் கேட்பார், “இதுல யார் ஜெயிப்பாங்க?” என்று. யாரும் ஜெயிப்பதில்லை. பெட்டி கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அந்த வாட்ச்மேன் யார் என்பது தெரிந்துவிட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு என்று அந்தக் கேள்வி கேட்டவரேதான் கேட்பார்.